ஈசலின் வயிற்றுக்குள் ஒரு கல்லீரல்! தெரியுமா?

கல்வராயன் மலையடிவாரத்தில் புதுமழை பெய்து ஓய்ந்த அந்தியில் ஈசல் கிளம்பிப் பார்த்திருக்கிறீர்களா? பிடித்த ஈசலை இறகு புடைத்து வெறும் சட்டியில் போட்டால், சொட்டு எண்ணெய் ஊற்றாமலே பளபளவென்று வறுபடும். அந்த எண்ணெய் எங்கிருந்து வந்தது? ஒரு ஈசலின் வயிற்றை நகத்தால் கீறிப் பாருங்கள். வெண்ணெய் போல வெளிறிய, மெத்தென்ற ஒன்று பிதுங்கும். அதுதான் பூச்சியின் கொழுப்புத் திசு!

நமக்குக் கல்லீரல் தனி, கொழுப்பு தனி. பூச்சிக்கு இரண்டுமே இதுதான்! தின்றதைச் சேமிக்கும், பசித்தால் கரைத்துக் கொடுக்கும், நஞ்சை முறிக்கும், முட்டைக்கு வேண்டிய புரதத்தைச் செய்யும், கிருமி புகுந்தால் மருந்தும் தயாரிக்கும். இறகுதிர்த்த ஈசல் ஜோடி மண்ணுக்குள் அறை கட்டி அடைத்துக்கொள்கிறது. முதல் குஞ்சுகள் வேலைக்கு வரும்வரை இந்தக் கையிருப்பையும், இனித் தேவைப்படாத பறக்கும் தசையையும் கரைத்தே அது காலம் தள்ளுகிறது!

மின்மினியின் விளக்கும் கொழுப்புத் திசுவிலிருந்து உருவானதுதான், தெரியுமா? அந்த ஒளியைத் தரும் லூசிஃபெரேஸ் நொதி இன்று உலகெங்கும் மருந்தாய்வுக் கூடங்களில் உழைக்கிறது.

தேனீ மீது ஒட்டும் வரோவா உண்ணி அதன் ரத்தத்தைக் குடிக்கிறது என்றே வெகுகாலம் நம்பினார்கள். அது முக்கியமாகத் தின்பது கொழுப்புத் திசுவை என்று 2019இல் சாமுவேல் ராம்சே குழு காட்டியது!

இனி நம் நோய்களுக்கு வருவோம். மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் சர்க்கரை ஆலைகள் ஓடும் கரும்பு மாவட்டம் கள்ளக்குறிச்சி. அந்தச் சர்க்கரையை அளவுக்கு மீறி ஊட்டினால், கனிந்த வாழைப்பழத்தை மொய்க்கும் பழ ஈயின் புழுவுக்கும் நம்மைப் போலவே இன்சுலின் வேலை செய்யாமல் போகிறது! உடலில் சர்க்கரை ஏறுகிறது, கொழுப்பு கூடுகிறது. 2011இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இதை நிறுவினார்கள்.

இதைவிட என்னைத் திகைக்கவைத்தது அடுத்த ஆண்டு வந்த ஆய்வு. ஈயின் கொழுப்புத் திசு, "வயிறு நிறைந்தது" என்று மூளைக்குச் சேதி அனுப்ப ஒரு புரதத்தைச் சுரக்கிறது. ஆய்வாளர்கள் அகிலா ராஜனும் நார்பர்ட் பெரிமானும் அந்தப் புரதம் இல்லாத ஈயை எடுத்துக்கொண்டு, அதற்கு மனிதனின் லெப்டின் ஹார்மோனைக் கொடுத்தார்கள். ஈ தேறியது! கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் பிரிந்த உடல், நம் ஹார்மோனின் பேச்சைப் புரிந்துகொண்டது!

பக்கத்துப் பெங்களூரிலும் இந்த வேலை நடக்கிறது. தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் கெய்ட்டி ஹசன் குழு, ஒரே ஒரு மரபணு பழுதான ஈக்கள் ஓயாமல் தின்று கொழுப்பதை 2013இல் வெளியிட்டது.

நோபலும் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்திருக்கிறது. டோல் என்ற மரபணு கெட்ட ஈயின் கொழுப்புத் திசுவால் பூஞ்சைக்கு எதிரான மருந்தைச் சுரக்க முடியாது. பூஞ்சை படர்ந்து ஈ செத்துவிடும். 1996இல் ஜூல்ஸ் ஹாஃப்மன் குழு கண்ட இந்த உண்மைதான் நம் உடலிலும் அதே வகைக் காவல் ஏற்பிகளைத் தேடும் வழியைத் திறந்தது. 2011இல் அவருக்கு மருத்துவ நோபல்!

கள்ளக்குறிச்சிப் பள்ளி அறிவியல் ஆசிரியர்களே, பழ ஈ வளர்க்க ஒரு கண்ணாடிப் பாட்டிலும் கனிந்த வாழைப்பழமும் போதும். ஏறக்குறைய பத்து நாளில் அடுத்த தலைமுறை ஈ வந்துவிடும். இந்தப் பருவத்திலேயே பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்!