நாற்பது ஜிபி காலி, ஆறு ஜிபிக்கு இடமில்லை

“என் மெமரி கார்டு 64 ஜிபி. அதில் 40 ஜிபி காலி என்று போனே காட்டுகிறது. தங்கை கல்யாண வீடியோ 6 ஜிபி. அதைக் காப்பி செய்தால் மட்டும் முடியாது என்கிறது. கார்டு போலியா, போனில் கோளாறா? கார்டை எக்ஸ்ட்4 முறையில் ஃபார்மேட் செய்தால் எல்லாம் சரியாகி, போனும் பறக்கும் என்று ஒரு வீடியோவில் சொல்கிறார்களே, செய்யலாமா?”

ஒரு வாசகரின் கேள்வி இது. கார்டும் நல்ல கார்டு, போனும் நல்ல போன். யாரோ எப்போதோ அந்தக் கார்டை ஃபேட்32 என்ற கோப்பு முறைமையில் ஃபார்மேட் செய்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அந்த முறைமையில் ஒரு கோப்பின் அளவு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. எத்தனை ஜிபி காலியாக இருந்தாலும் தாண்ட முடியாது.

ஏன் 4? கார்டுக்குள் எட்டிப் பார்த்தால் தெரியும். ஃபேட் முறைமையில் ஒவ்வொரு கோப்புக்கும் அடைவில் ஒரு வரி உண்டு. அந்த வரியின் நீளம் 32 பைட். முதல் 8 பைட் பெயருக்கு, அடுத்த 3 பைட் பெயரின் வாலுக்கு. ‘கல்யாணம்’ என்பதை ஆங்கில எழுத்தில் எழுதினால் சரியாக எட்டு எழுத்து, வால் ‘எம்பி4’. பெட்டிக்கு அளவெடுத்தது போலப் பொருந்துகிறது. பிறகு தேதி, நேரம், கோப்பு தொடங்கும் இடம். கடைசி 4 பைட்டில் கோப்பின் அளவு. 4 பைட் என்றால் 32 பிட். அதில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 4,29,49,67,295. ஆறு ஜிபி என்ற எண்ணை எழுத அந்தக் கட்டத்தில் இடமில்லை. வாசகரின் வீடியோவைத் தடுத்தது இந்தக் கட்டம்தான்.

அந்த 32 பைட்டில் எனக்கு மிகவும் பிடித்தது முதல் பைட். கோப்பை அழிக்கச் சொன்னால் கணினி அந்த வரியைத் துடைப்பதில்லை. பெயரின் முதல் எழுத்தின் மேல் 229 என்ற எண்ணை எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறது. அழிந்த படங்களை மீட்கும் மென்பொருள்கள் முதல் எழுத்து மட்டும் இல்லாத பெயர்களைப் பட்டியலிடுவது இதனால்தான். ஜப்பானிய மொழிக்கான பழைய குறிமுறையில் 229 பல எழுத்துகளின் முதல் பைட்டாக வரும். நல்ல கோப்பையே அழிந்தது என்று எடுத்துக்கொள்ளும் ஆபத்து. அப்படி வரும் இடத்தில் மட்டும் 229-க்குப் பதிலாக 5 என்று எழுது என ஒரு விதியைச் சேர்த்துச் சமாளித்தார்கள். அந்த விதி இன்றும் உயிரோடிருக்கிறது.

இனி கோப்பு எங்கே இருக்கிறது என்ற கணக்குக்கு வருவோம். கல்யாணச் சத்திரம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அறைகள் எல்லாம் ஒரே அளவு. வருகிற கூட்டம்தான் கோப்பு. வாசலில் கணக்குப்பிள்ளை. அவரிடம் இரண்டு பேரேடுகள். முதல் பேரேட்டில் கூட்டத்தின் பெயர், மொத்தத் தலைக்கட்டு, முதல் அறை எண். இரண்டாவது பேரேட்டில் ஒவ்வொரு அறை எண்ணுக்கும் நேரே ஒரே ஒரு குறிப்பு: இதே கூட்டத்தின் அடுத்த அறை எது? 7-க்கு நேரே 8, 8-க்கு நேரே 9, 9-க்கு நேரே 41, ஏனென்றால் 10 முதல் 40 வரை வேறு கூட்டம். 41-க்கு நேரே ‘முடிந்தது’. ஃபேட் என்ற பெயரே இந்த இரண்டாவது பேரேட்டின் பெயர்தான்.

நடுவிலிருக்கும் ஒருவரைத் தேட வேண்டுமென்றால் ஏழாம் அறையிலிருந்து ஒவ்வொரு குறிப்பாகப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். கடைசி அறையில் ஒரே ஒருவர் இருந்தாலும் அறை முழுவதும் அவர்களுக்கே. இரண்டாவது பேரேட்டில் ஒரு வரி நனைந்து அழிந்தால் அதற்கு அப்பால் இருக்கும் அத்தனை பேரும் அவரவர் அறையில் நன்றாகத் தூங்கிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் எங்கே என்று சொல்ல மட்டும் ஆளிருக்காது. அதனால்தான் ஃபேட்32 அந்தப் பேரேட்டை இரண்டு பிரதிகளாக வைத்துக்கொள்கிறது. கூட்டத்தைக் கணக்கிலிருந்து எடுப்பது என்றால் முதல் பேரேட்டில் பெயரின் முதல் எழுத்தை அடிப்பது, இரண்டாவதில் அந்த அறைகளுக்கு நேரே சுழியம் போடுவது. ஆட்களை யாரும் எழுப்பி அனுப்புவதில்லை. அடுத்த கூட்டம் வந்து அதே கட்டிலில் படுக்கும்வரை அவர்கள் அங்கேயே இருப்பார்கள். அழித்த படம் உடனே தேடினால் கிடைப்பதும், புதிதாக நாலு படம் எடுத்த பிறகு தேடினால் கிடைக்காமல் போவதும் இதனால்தான்.

வீடியோ பதிவாகிக்கொண்டிருக்கும்போது கார்டைப் பிடுங்கினால்? ஆட்கள் அறைகளுக்குப் போயாயிற்று. மொத்தத் தலைக்கட்டு எத்தனை என்பதைப் பெரும்பாலும் கடைசியில்தான் எழுதுவார்கள். எழுதுவதற்குள் விளக்கு அணைந்துவிட்டது. மறுநாள் பேரேட்டைத் திறந்தால் கூட்டத்தின் பெயர் இருக்கிறது, தலைக்கட்டு சுழியம். உங்கள் கார்டில் ‘0 பைட்’ என்று நிற்கும் கோப்புகளின் கதை இதுதான்.

வரலாறும் கொஞ்சம் வேண்டும், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஃபேட் முறைமையை 1977-ல் மைக்ரோசாஃப்டின் மார்க் மெக்டொனால்ட் எழுதினார், பிளாப்பி காலத்துக்காக. ஃபேட்32 வந்தது 1996-ல். ஃபிளாஷ் நினைவகத்தை மனத்தில் வைத்து எக்ஸ்ஃபேட் 2006-ல் வந்தது. 2009-ல் எஸ்டி கார்டு அமைப்பு 32 ஜிபிக்கு மேற்பட்ட கார்டுகளுக்கு அதையே விதியாக்கியது. பத்தாண்டுக்கு மேல் அது மைக்ரோசாஃப்டின் உரிமச் சொத்தாக இருந்தது. உரிமம் வாங்காத போனில் போட்டால் நல்ல கார்டையே ‘பழுது’ என்று காட்டியது. 2019 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் விவரக்குறிப்பை வெளியிட்டது. 2020-ல் லினக்ஸ் 5.7-ல் சாம்சங் எழுதிய நல்ல இயக்கி சேர்ந்தது. வரலாறு இவ்வளவு போதும்.

எக்ஸ்ஃபேட் என்ன செய்தது என்பதுதான் அழகு. சத்திரத்துச் சுவரில் ஒரு பலகையை மாட்டியது. அறைக்கு ஒரு புள்ளி: ஆள் இருந்தால் 1, காலியென்றால் 0. ஒரு கூட்டம் அடுத்தடுத்த அறைகளில் இடம்பெற்றால் சங்கிலிக் குறிப்பே எழுதுவதில்லை. ‘ஏழாம் அறை தொடங்கி வரிசையாக’ என்று ஒரே ஒரு அடையாளம். பேரேட்டைத் தொடும் வேலையே இல்லை. இரண்டரை மணி நேரக் கல்யாண வீடியோ, பெரிய காலி கார்டில், பெரும்பாலும் வரிசையாகத்தான் விழும். ஆயிரக்கணக்கான குறிப்புகளுக்குப் பதில் ஒரு பிட். இதை முதன்முதலில் விவரக்குறிப்பில் படித்தபோது நான் அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தேன். தலைக்கட்டு எழுதும் கட்டமும் 64 பிட்டாக விரிந்துவிட்டது. இனி எந்த வீடியோவும் அதில் முட்டாது.

விலை இல்லாமல் இல்லை. எக்ஸ்ஃபேட் வழக்கமாக ஒரே ஒரு பேரேடுதான் வைக்கிறது; இரண்டாம் பிரதி கிடையாது. அறைகளும் பெரியவை, 64 ஜிபி கார்டில் வழக்கமாக 128 கேபி. நாலு கேபி அளவில் ஆயிரம் சின்னக் கோப்புகள் என்றால் சரக்கு 4 எம்பி, பிடிக்கும் இடம் 125 எம்பி. படத்துக்கும் வீடியோவுக்கும் இது பொருட்டில்லை. குறுங்கோப்புகளை லட்சக்கணக்கில் குவிப்பவர்களுக்குப் பொருட்டு.

இனி அந்த எக்ஸ்ட்4 பேச்சு. எக்ஸ்ட்4 முறையின் கணக்குப்பிள்ளை நம் ஊர்க் கடைகளின் பழைய ஒழுங்கைக் கடைப்பிடிக்கிறார். எதையும் பேரேட்டில் நேரே எழுதமாட்டார். முதலில் சிட்டையில் குறித்துக்கொண்டு, பிறகுதான் பேரேட்டில் ஏற்றுவார். நடுவில் விளக்கு அணைந்தாலும் மறுநாள் சிட்டையைப் பார்த்து விட்ட இடத்திலிருந்து சரிசெய்துவிடலாம். சாம்சங் 2012-ல் அறிவித்த எஃப்2எஃப்எஸ், பழைய வரியைத் திருத்தாமல் புதிய வரியைக் காலி இடத்தில் எழுதிக்கொண்டே போகும். இதுவும் ஃபிளாஷுக்கு ஏற்றது. இன்றைய ஆண்ட்ராய்டு போன்களின் உள் சேமிப்பகத்தில் இவ்விரண்டில் ஒன்றுதான் வேலை செய்கிறது, நன்றாகவே செய்கிறது.

அதற்காகக் கழற்றி மாட்டும் கார்டிலும் அதைப் போட்டால் போன் பறக்குமா? பறக்காது. முதல் காரணம், கார்டுக்குள்ளேயே ஒரு சின்னக் கட்டுப்படுத்தி இருக்கிறது. ஃபிளாஷ் நினைவகத்தில் அறை அறையாக ஆளை ஏற்றலாம். ஆனால் கழுவிவிடுவதென்றால் ஒரு மாடி முழுவதையும் காலி செய்துதான் கழுவ முடியும். அந்தத் தொல்லையைக் கட்டுப்படுத்தி பார்த்துக்கொள்கிறது. கணக்குப்பிள்ளை ‘ஏழாம் அறை’ என்று சொன்னால், உண்மையில் எந்த அறை என்பதை அது தன் தனிக் குறிப்பில் வைத்திருக்கும். ஆகவே எந்தக் கோப்பு முறைமைக்கும் உண்மையான இடம் தெரியாது. ஃபேட் பேரேடு கார்டின் முகப்பில் இருக்கும், அடிக்கடி கிறுக்கப்படும் என்று எதிர்பார்த்தே பல கார்டுகளின் கட்டுப்படுத்திகள் செய்யப்பட்டுள்ளன. லினக்ஸ் நிரலாளர் ஆர்ண்ட் பெர்க்மன் மலிவு கார்டுகளைச் சோதித்து 2011-ல் இதை எழுதினார். கார்டின் வேகம் வேண்டுமென்றால் அட்டையில் அச்சிட்ட குறிகளைப் பாருங்கள். வி30 என்றால் தொடர்ந்து எழுதும்போது நொடிக்கு 30 எம்பிக்குக் குறையக் கூடாது. ஏ1 என்றால் நொடிக்கு 1,500 சிதறல் வாசிப்பு, 500 சிதறல் எழுத்து. ஃபார்மேட்டை மாற்றி இந்த எண்களை உயர்த்த முடியாது.

இரண்டாம் காரணம் இன்னும் பெரியது. கார்டு என்பதே கழற்றி வேறொன்றில் போடத்தான். எக்ஸ்ட்4 கார்டைப் பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களே வெளிச் சேமிப்பகமாக ஏற்காது. விண்டோஸில் நேரே திறக்காது. கேமரா, டிவி, காரின் பாட்டுப்பெட்டி எதற்கும் புரியாது. கேபிள் வழியே போனைக் கணினியில் மாட்டும்போது இந்தப் பிரச்சினை வருவதில்லை. அப்போது கோப்புகளைப் போனே எடுத்துக் கொடுக்கிறது. உள்ளே என்ன முறைமை என்று கணினிக்குத் தெரிய வேண்டியதே இல்லை. கார்டு கைமாறும்போதுதான் பேரேட்டின் மொழி இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

ஆண்ட்ராய்டு 6.0 முதல், 2015-லிருந்து, கார்டை உள் சேமிப்பகமாக இணைக்கும் வசதி உண்டு. சில போன்களில் மட்டும் கிடைக்கும். அப்போது கார்டு எக்ஸ்ட்4 அல்லது எஃப்2எஃப்எஸ் ஆகி, மறையாக்கமும் செய்யப்படும். சாவி போனில் இருக்கும். போன் கெட்டாலோ, அதை ஃபேக்டரி ரீசெட் செய்தாலோ சாவி போயிற்று. கார்டு கையில் இருந்தும் படங்கள் போயின. குடும்பப் படங்களுக்கு இந்த வசதியை நான் ஒருபோதும் பரிந்துரைக்கமாட்டேன்.

தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. இதை யாரும் சொல்வதில்லை. ஃபேட்32, எக்ஸ்ஃபேட் இரண்டிலும் பெயர் 255 குறியெண்கள் வரை போகலாம்; முன்பு பார்த்த 8 பைட் பெட்டியில் அடங்காத பெயரை ஃபேட்32 கூடுதல் வரிகளில் எழுதிக்கொள்ளும். எக்ஸ்ட்4, எஃப்2எஃப்எஸ் இரண்டிலும் எல்லை 255 பைட். தமிழில் ஒவ்வொரு குறியெண்ணும் 3 பைட் பிடிக்கும். ‘கல்யாணம்’ என்பது கண்ணுக்கு ஐந்து எழுத்து, உள்ளே புள்ளி, கால் எல்லாம் சேர்த்து எட்டுக் குறியெண், 24 பைட். ஆகப் போனின் உள் சேமிப்பகத்தில் தமிழ்ப் பெயருக்கு 85 குறியெண்தான் உச்சம். கார்டில் நிம்மதியாக இருந்த நீளமான தமிழ்ப் பெயர்க் கோப்பு, போனுக்கு வரும்போது மறுக்கப்பட்டால் பெயரைச் சுருக்கிப் பாருங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. சில நூறு ரூபாய்க்கு ‘2 டிபி’ என்று விற்கும் கார்டுகளை எந்தக் கோப்பு முறைமையும் காட்டிக்கொடுக்காது. பலகையில் ஆயிரம் அறை, உள்ளே அறுபது. கணக்குப்பிள்ளை 61-ஆம் அறைக்கு ஆளை அனுப்புவார். அந்தக் கட்டுப்படுத்தி அந்த ஆளைச் சத்தமில்லாமல் முதல் அறையில், இருப்பவர் தலைமேலேயே படுக்கவைக்கும். பேரேடு மட்டும் ஒழுங்காக இருக்கும். வாங்கியவுடன் கார்டை முழுவதும் நிரப்பித் திரும்பப் படித்துப் பார்ப்பது ஒன்றே சோதனை.

வாசகருக்கு என் பதில் இது. 32 ஜிபிக்கு மேற்பட்ட கார்டு என்றால் எக்ஸ்ஃபேட். 32 ஜிபியும் அதற்குக் கீழும் என்றால், அல்லது பழைய பாட்டுப்பெட்டியில் போட வேண்டும் என்றால், ஃபேட்32. ஃபார்மேட்டை அந்தக் கார்டைப் பயன்படுத்தப்போகும் போனிலோ கேமராவிலோ செய்யுங்கள், அல்லது எஸ்டி அமைப்பே இலவசமாகத் தரும் ஃபார்மேட் மென்பொருளில் செய்யுங்கள். எக்ஸ்ஃபேட், ஃபேட்32 இரண்டிலும் சிட்டை கிடையாது; ஆகவே கழற்றும் முன் ‘எஜெக்ட்’ கொடுத்து, கணக்குப்பிள்ளை எழுதி முடிக்க ஒரு நிமிடம் விடுங்கள். ஃபேட்32 கார்டை உள்ளிருப்பது அழியாமல் எக்ஸ்ஃபேட்டாக மாற்றும் வசதி விண்டோஸிலும் இல்லை, போனிலும் இல்லை. தங்கையின் கல்யாணப் படங்கள் அந்தக் கார்டில்தான் இருக்கின்றன என்றால், முதலில் அவற்றை இரண்டு இடத்தில் பிரதி எடுத்து, திறந்து பார்த்துவிட்டு, அப்புறம் ஃபார்மேட் பொத்தானைத் தொடுங்கள்.