காருக்கு எஞ்சின் ஆயில் மாற்றுவது எப்படி? புதியவர்களுக்கு ஒரு விளக்கம்

கார் வைத்திருக்கும் நம்மில் பலருக்கு பெட்ரோல் போடுவதோடும் காற்றுப் பிடிப்பதோடும் பொறுப்பு முடிந்துவிடுகிறது. சர்வீஸுக்கு விட்டால் என்ன ஆயில் ஊற்றினார்கள், ஃபில்டரை மாற்றினார்களா என்று கேட்கக்கூடத் தெரிவதில்லை. உண்மையில் எஞ்சின் ஆயில் மாற்றுவது ஒன்றிரண்டு மணி நேரத்தில் புதியவர்களும் செய்யக்கூடிய வேலைதான். போல்ட்டைக் கழற்றி மாட்டுவதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. நான்கு விஷயங்களில் மட்டும் கவனம் தவறக்கூடாது: சரியான ஆயில், காருக்கு அடியில் நம் பாதுகாப்பு, போல்ட்டின் மரை, வடித்தெடுத்த பழைய ஆயில்.

ஒரு முன்குறிப்பு: கார் இன்னும் வாரண்டியில் இருந்தால் கம்பெனி சர்வீஸ் சென்டரிலேயே மாற்றிக்கொள்ளுங்கள். பில் கையில் இருப்பது நல்லது.

ஏன் மாற்ற வேண்டும்?

எஞ்சினுக்குள் உரசும் உலோகங்களுக்கு நடுவே மெல்லிய படலமாக நின்று தேய்மானத்தைத் தடுப்பது ஆயில்தான். சூட்டைக் கடத்துவதும், கரியையும் துகள்களையும் சுமந்து போய் ஃபில்டரில் சேர்ப்பதும், துருப் பிடிக்காமல் காப்பதும் அதன் வேலைகளே. ஆயில் கறுத்தாலே கெட்டுவிட்டது என்று சிலர் நினைக்கிறார்கள். அழுக்கைத் தன்னிடம் இழுத்துக்கொள்வதால்தான் அது கறுக்கிறது. டீசல் எஞ்சினில் புது ஆயில்கூட சீக்கிரமே கறுத்துவிடும். எனவே நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். கிலோமீட்டரையும் காலத்தையும் பாருங்கள். இங்கே ஓடும் பல சிறிய பெட்ரோல் கார்களுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், இதில் எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு. உங்கள் காருக்கான கணக்கு அதன் கையேட்டில் இருக்கும்.

வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்க, கார் பெரும்பாலும் ஷெட்டிலேயே நிற்கும் குடும்பங்கள் நம் ஊர்களில் நிறைய. "வண்டி ஓடவே இல்லையே, ஆயில் எதற்கு?" என்று கேட்பார்கள். எப்போதாவது கடைத்தெரு வரை மட்டும் போய்வரும் காரில் எஞ்சின் முழுச் சூடு ஏறுவதே இல்லை. அதனால் ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆயிலில் கலந்து தங்கிவிடுகின்றன. ஓடாத காருக்கும் வருடக் கணக்கு உண்டு.

எந்த ஆயில் வாங்குவது?

டப்பாவில் 5டபிள்யூ-30 என்பது போல எழுதியிருக்கும். டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும். அதற்கு முன்னால் உள்ள எண், குளிரில் ஆயில் எவ்வளவு இளக்கமாக ஓடும் என்பதைச் சொல்கிறது. எண் குறைந்தால் இளக்கம் அதிகம். பின்னால் உள்ள 30, எஞ்சின் சூடேறிய நிலையில் (100 டிகிரி செல்சியஸில்) ஆயிலின் கெட்டித்தன்மை. "கெட்டி ஆயில் ஊற்றினால் எஞ்சின் நீடிக்கும்" என்ற பேச்சை நம்பி மாற்றி வாங்காதீர்கள். கையேடு சொல்லும் கிரேடே சரி.

சிறிய கார்களுக்கு ஏறத்தாழ 3 முதல் 4 லிட்டர் பிடிக்கும். சரியான அளவு கையேட்டில் இருக்கும். ஆயிலோடு புது ஃபில்டரும், ட்ரெயின் போல்ட்டுக்குப் புது வாஷரும் வாங்குங்கள். போலி ஆயில் சந்தையில் உண்டு என்பதால் தெரிந்த கடையில் சீல் பார்த்து, பில்லோடு வாங்குங்கள்.

காருக்கு அடியில் போகுமுன்

காரோடு வரும் ஜாக்கி டயர் மாற்றுவதற்கு மட்டுமே. அது சரிந்தால் ஒரு டன் எடை நம் நெஞ்சில் இறங்கும். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் காருக்கு அடியில் படுக்கக்கூடாது. செங்கல்லையோ ஹாலோ பிளாக்கையோ முட்டுக் கொடுக்கவும் கூடாது. அவை முன்னறிவிப்பின்றி நொறுங்கும். சமமான, கெட்டியான தரையில் ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, காரின் எடையைத் தாங்கும் இரண்டு ஜாக் ஸ்டாண்டுகளை கையேடு காட்டும் இடங்களில் நிறுத்துங்கள். காரைக் கையால் அசைத்துப் பார்த்த பிறகே உள்ளே போங்கள். ஸ்டாண்டு இல்லையென்றால் அன்று இந்த வேலை வேண்டாம்.

செய்முறை

1. எஞ்சினை இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள். இளஞ்சூட்டில் ஆயில் நன்றாக வடியும். கொதிக்கும் சூட்டில் தொடாதீர்கள், கை வெந்துவிடும். காரைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துவது இதற்குப் பிறகுதான்.

2. மேலே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து வையுங்கள். கையுறை அணிந்து, அடியில் ட்ரெயின் போல்ட்டைக் கண்டுபிடியுங்கள். கியர் பாக்ஸுக்கும் இதேபோல் ஒரு போல்ட் உண்டு. புதியவர்கள் பலர் அதைக் கழற்றிவிடுகிறார்கள். கையேட்டுப் படத்தோடு ஒப்பிட்டு உறுதி செய்யுங்கள்.

3. அகலமான சட்டியை வைத்து, போல்ட்டின் தலையை நேராகப் பார்த்தபடி கடிகாரமுள்ளுக்கு எதிர்த்திசையில் கழற்றுங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் முழுதாக வடியட்டும்.

4. புது வாஷர் போட்டு, போல்ட்டை முதலில் விரலாலேயே சுழற்றி ஏற்றுங்கள். விரலுக்கு ஏறவில்லை என்றால் கோணலாகப் போகிறது என்று பொருள். கழற்றி மறுபடி தொடங்குங்கள். கடைசியில் ஸ்பேனரால் அளவாக இறுக்குங்கள். பலத்தைக் காட்டினால் மரை போய்விடும். பிறகு ஆயில் சட்டியையே மாற்ற நேரலாம்.

5. பழைய ஃபில்டரைக் கழற்றும்போது அதன் ரப்பர் வளையம் எஞ்சினில் ஒட்டி நிற்கிறதா என்று பாருங்கள். அதன் மேலேயே புதியதை மாட்டினால் ஆயில் பீய்ச்சி அடிக்கும். புது வளையத்தில் சிறிது ஆயில் தடவி, கையாலேயே இறுக்குங்கள்.

6. காரைத் தரையில் இறக்கி, குறிப்பிட்ட அளவைவிடக் கொஞ்சம் குறைவாக ஊற்றி, மூடியை மூடி, எஞ்சினை ஓடவிடுங்கள். ஆயில் விளக்கு சில விநாடிகளில் அணைய வேண்டும். அணையாவிட்டால் உடனே எஞ்சினை நிறுத்துங்கள். விளக்கு அணைந்தால் ஒரு நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, கீழே கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். பத்து நிமிடம் கழித்து அளவுக் கம்பியைத் துடைத்து, விட்டு எடுத்துப் பார்த்து, மேல்கோடு வரை நிரப்புங்கள். கோட்டைத் தாண்டி ஊற்றுவதும் எஞ்சினுக்குக் கேடுதான்.

பழைய ஆயிலை என்ன செய்வது?

வேலை முடிந்தது என்று பலர் நினைக்கும் இடம் இதுதான். சட்டியில் இருப்பதைச் சாக்கடையிலோ காலி மனையிலோ ஊற்றிவிடுகிறார்கள். ஒரு காரிலிருந்து ஒருமுறை வடித்த ஆயில் பத்து லட்சம் காலன், அதாவது ஏறத்தாழ 38 லட்சம் லிட்டர் நல்ல தண்ணீரைக் கெடுக்கக்கூடியது என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. நம் நாட்டிலும் 2016ஆம் ஆண்டின் அபாயகரமான கழிவுகள் விதிகளுக்குள் பழைய ஆயில் வருகிறது. நாம் சேமித்தது சில நூறு ரூபாய். கெடுவது அண்டை வீட்டாரின் கிணறும் போர்த் தண்ணீரும். கறையானுக்கு என்று மரத்திலும் மண்ணிலும் ஊற்றுவதும் இதே கணக்கில்தான் சேரும்.

ஆறிய ஆயிலைப் புது ஆயில் வந்த டப்பாவிலேயே ஊற்றி மூடி, மறுசுழற்சிக்கு அனுப்பும் ஒர்க்‌ஷாப்பிலோ சர்வீஸ் சென்டரிலோ கேட்டுக் கொடுத்துவிடுங்கள். மீதமாகும் காலி டப்பாவில் ஓட்டை போட்டுவிட்டு எறியுங்கள். முழுசாக எறிந்தால் அதுவே போலி ஆயிலை அடைத்து விற்கப் பயன்படும்.

கடைசியாக, தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மறுநாள் காலை கார் நின்ற இடத்தில் ஆயில் சொட்டியிருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். முதல் தடவை மட்டும் பழக்கமுள்ள ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த தடவை நீங்கள் இன்னொருவருக்குச் சொல்லிக் கொடுக்கலாம்.