வீட்டுப் பட்டறையும் மரத்தூளும்

வன்னியில், 2009இன் பின்னர் மீளக்குடியமர்ந்த தச்சுத் தொழிலாளி ஒருவருக்கு மேசைவாளும் இழைப்பு இயந்திரமும் வாங்கச் சுழற்சிக் கடன் கிடைக்க நாம் உதவியிருந்தோம். வீட்டோடு ஒட்டிய பத்தியே அவரது பட்டறை. ஒரு வருடம் கழித்துச் சென்றபோது கட்டில்களும் கதவு நிலைகளும் நிறைந்திருந்தன. எமக்கு மகிழ்ச்சி. தேநீர் கொண்டுவந்த அவரது மனைவி கோப்பையைத் தட்டால் மூடியிருந்தார். "தூள் விழும் பாதர். சோத்துப் பானையும் மூடித்தான் கிடக்கு. சின்னவனுக்கு இரவிலை ஒரே இருமல்" என்றார்.

கடன் விண்ணப்பத்தில் வாளின் விலை, மோட்டாரின் வலு, தவணைத் தொகை எல்லாம் எழுதியிருந்தோம். தூளைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

கைச் சீவுளியால் இழைத்த காலத்தில் விழுந்தவை பெரும்பாலும் சுருள் சீவல்கள். அவற்றைக் கூட்டி அள்ளலாம். வேகமாகச் சுழலும் வாளும் அரத்தாள் இயந்திரமும் மரத்தை மாவாக்குகின்றன. தலைமயிரின் தடிப்பு ஏறக்குறைய 70 மைக்ரோன். பத்து மைக்ரோனுக்கும் குறைந்த தூள் மூக்கையும் தாண்டி நுரையீரலுக்குள் இறங்கும். கண்ணுக்குத் தெரியாமல் மணிக்கணக்கில் காற்றில் நிற்பதும் அதுவே. எமது முதிரைத் தூள் தோலில் அரிப்பையும் புண்ணையும் உண்டாக்கும்; தேக்கும் சிலருக்கு ஒத்துக்கொள்வதில்லை. இங்கிலாந்தில் தளபாடத் தொழிலாளரிடையே மூக்குப் புற்றுநோய் கூடுதலாகக் காணப்பட்டது 1960களில் வெளிச்சத்துக்கு வந்தது. மரத்தூள் மனிதரில் புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 1995இல் வகைப்படுத்தியது. வாயில் கட்டும் கைக்குட்டை இதற்குப் போதாது.

செய்ய வேண்டியது தூள் பறக்குமுன் பிறக்கும் இடத்திலேயே பிடிப்பது. மேசைவாளின் அடிப்பகுதியைப் பலகையால் அடைத்து, அதில் நான்கு அங்குலக் குழாய்க்கு ஒரு வாய் விடவேண்டும். அக்குழாயில் காற்று செக்கனுக்கு ஏறக்குறைய 20 மீற்றர் வேகத்தில் ஓடினால்தான் சீவல் இடையில் தங்காது. அதற்கு ஊதுவிசிறி நிமிடத்துக்குச் சுமார் 350 கன அடி காற்றை இழுக்கவேண்டும். பணம் மிச்சம் பிடிக்க இரண்டு அங்குலக் குழாய் போடுகிறவர்கள் உண்டு. விட்டம் பாதியானால் பரப்பு காற்பங்காகிவிடும் என்பதை மறந்துவிடுகிறார்கள். வீடு துப்புரவாக்கும் உறிஞ்சியும் வாளுக்குப் போதாது; அது இழுக்கும் காற்றின் அளவு குறைவு. குழாய் நீளம் குறைந்ததாக, உட்புறம் வழுவழுப்பானதாக, வளைவுகள் மெதுவானதாக இருக்கட்டும்.

விசிறிக்கு முன்னால் ஓர் இரும்புப் பீப்பா வேண்டும். காற்று அதன் சுவரோரமாக நுழைந்து சுழலும்படி மூடியில் குழாயைச் சரித்துப் பொருத்தி, வெளியேறும் குழாயை நடுவில் வைத்தால், சீவல் அடியில் விழுந்துவிடும். விசிறியின் இதழ்களில் மரத்துண்டு அடிக்காது. (மெல்லிய பிளாஸ்ரிக் வாளி உறிஞ்சலில் நசுங்கும்.)

குளிர்நாட்டார் சூடாக்கிய காற்றை இழக்க விரும்பாமல், அதை வடிகட்டி மீண்டும் அறைக்குள் விடுகிறார்கள். அதற்கு நுண்ணிய வடிகட்டி வேண்டும், விலையும் கூட. மலிவான துணிப்பை சீவலைப் பிடித்து, நெஞ்சுக்குக் கேடான நுண்தூளை அறைக்குள்ளேயே ஊதும். எமக்கோ இழப்பதற்குச் சூடு இல்லை. விசிறியை வெளியே வைத்து, நுண்தூளை வெளியிலேயே விடலாம். ஆனால் எந்தப் பக்கம்? சோளகம் தென்மேற்கிலிருந்தும் வாடை வடகிழக்கிலிருந்தும் வீசும். ஆகவே வீட்டுக்குத் தென்கிழக்கில் அல்லது வடமேற்கில் பட்டறை அமைந்தால் இரு காலத்திலும் தூள் வீட்டுக்குப் போகாது. அயல்வீட்டுக் கிணற்றையும் பார்க்கவேண்டும்.

எமது நண்பரின் பத்தியோ வீட்டின் வடகிழக்கில், குசினிச் சுவரோடு. சோளகத்தில் பிரச்சினை இல்லை; வாடை வந்தால் எல்லாத் தூளும் அடுப்படிக்கே. பேசிப் பார்த்து, கடைசியில் வாளையே வளவின் தென்கிழக்கு மூலைக்கு மாற்றினோம். நான்கு மரக்கால், தகரக் கூரை, நீட்டி இழுத்த மின்கம்பி. அந்தச் செலவையும் கடனோடு சேர்க்கக் குழுவினர் சம்மதித்தார்கள். அதன்பின் வந்த விண்ணப்பப் படிவங்களில் தூள் ஏற்பாட்டுக்கென ஒரு நிரல் இருக்கிறது.

கைப்பிடி அரத்தாள் இயந்திரம் இன்னும் தொல்லைதான். அதற்கு அவர் என்95 முகக்கவசம் அணிகிறார். மாலையில் தும்புத்தடியால் உலரக் கூட்டாமல், தண்ணீர் தெளித்தே அள்ளுகிறார்.