அடைப்பு நீங்கிய பிறகும் மூளை ஏன் வீங்குகிறது?

கொல்கத்தா கரியாஹாட்டில் 2019 ஜனவரியில் தீ விபத்து. புடவைக் கடைகள் எரிந்தன. தீயணைக்கப் பீய்ச்சும் தண்ணீர், நெருப்பு தொடாத துணியையும் நாசமாக்கும் அல்லவா? பக்கவாதத்தில் மூளை அழற்சி அந்தத் தண்ணீர்தான்.

ரத்தக்குழாய் அடைபட்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன. அவற்றிலிருந்து கசியும் பொருள்கள் மூளையின் காவல் செல்களான மைக்ரோகிளியாவை உசுப்புகின்றன. சில மணி நேரத்தில் வெள்ளையணுக்கள் திரள்கின்றன. குழாய்ச் சுவர் தளர்ந்து நீர் கசிகிறது. மூன்றாம் நாள் வாக்கில் வீக்கம் உச்சத்துக்குப் போகும். பிழைத்திருந்த பக்கத்து அணுக்களும் நசுங்கும்.

அப்படியானால் வெள்ளையணுக்களைத் தடுத்துவிடலாமே என்கிறீர்களா? தடுத்துப் பார்த்தார்கள். 2001இல் வெளியான என்லிமோமாப் மருந்துச் சோதனையில் நோயாளிகளின் நிலை மோசமானது.

அதோடு, இடிபாட்டை அள்ளிச் சீரமைப்புக்கு வழிவிடுவதும் இதே அழற்சிதான். எதை, எந்த நாளில் தடுப்பது என்பதுதான் இன்றும் சிக்கல். அதனால்தான் பக்கவாத அறிகுறியாக முகம் கோணியதும் நேரே மருத்துவமனைக்கு ஓடச் சொல்கிறார்கள். குழாயை அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு வழக்கமான கெடு நாலரை மணி நேரம்.