காற்று குறைந்தால் எந்த நூல்?

2024 ஆகஸ்ட் 9. சிங்கப்பூர் தேசிய தினத்தைக் கொண்டாடிய அதே நாளில், பிரான்சின் மார்செய் கடலில் 17 வயது மேக்ஸ் மேடர் ஒலிம்பிக் வெண்கலப் பதக்கம் வென்றார். அவர் பங்கேற்றது கைட்போர்டிங் போட்டி. பெரிய பட்டம் ஒன்று இழுக்க, பலகையில் நின்றபடி கடல்மேல் விரையும் விளையாட்டு அது. அந்த வாரம் மார்செயில் காற்று அவ்வப்போது ஓய்ந்துபோனதால் வீரர்கள் கரையில் காத்திருக்க நேர்ந்தது.

நம் வட்டாரத்தில் பருவக்காற்று மாறும் மாதங்களிலும் இதே நிலைதான். காற்று குறைவாக இருந்தால் பெரிய பட்டத்தை எடுத்தால் போதுமே என்று உங்களுக்குத் தோன்றலாம். ஆனால் பட்டத்தையும் வீரரையும் இணைக்கும் நூலையும் கவனித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தத் தேர்வில் நீங்கள் வகுப்பில் படிக்கும் கணிதமும் இயற்பியலும் ஒளிந்திருக்கின்றன.

நீளமான நூல் ஏன்?

பெரும்பாலான பட்டங்களுக்கு நான்கு நூல்கள் இருக்கும். முன்னால் உள்ள இரண்டும் இழுப்பின் பெரும்பகுதியைத் தாங்கும். பின்னால் உள்ள இரண்டும் பட்டத்தைத் திருப்ப உதவும். வழக்கமான நீளம் 20 முதல் 24 மீட்டர் வரை. காற்று குறைந்த நாளில் சிலர் 27 மீட்டர் நூலை நாடுவார்கள்.

"உயரே போனால் காற்று அதிகம்" என்பது அவர்கள் சொல்லும் காரணம். அது உண்மைதான். தரைக்கும் கடலுக்கும் அருகே உராய்வினால் காற்று வேகம் குறைகிறது. ஆனால் பலன் எவ்வளவு? நூல் 45 பாகைச் சாய்வில் இருந்தால், 20 மீட்டர் நூல் பட்டத்தை ஏறக்குறைய 14 மீட்டர் உயரத்தில் வைக்கும். 27 மீட்டர் நூலுக்கு அது 19 மீட்டர். திறந்த கடலில் இந்த 5 மீட்டர் ஏற்றத்தால் காற்றின் வேகம் 3 அல்லது 4 விழுக்காடுதான் கூடும். விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், இழுப்பு ஏறத்தாழ 7 விழுக்காடு அதிகரிக்கும். இது பெரிய இலாபம் அல்ல.

பட்டம் தானே உண்டாக்கும் காற்று

உண்மையான இலாபம் வேறிடத்தில் இருக்கிறது. காற்று வினாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் வீசுவதாக வைத்துக்கொள்வோம். அசையாமல் நிற்கும் பட்டம் அந்த 4 மீட்டர் வேகத்தை மட்டுமே உணரும். அதே பட்டம் காற்றுக்குக் குறுக்காக வினாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் பறந்தால்? சைக்கிளை வேகமாக மிதிக்கும்போது முகத்தில் காற்று மோதுகிறதல்லவா? அதுபோல பட்டமும் தன் அசைவால் கூடுதல் காற்றை உணரும்.

இரண்டு வேகங்களும் ஒன்றுக்கொன்று செங்குத்தானவை. ஆகவே பித்தாகரஸ் தேற்றத்தைப் பயன்படுத்தலாம். 4இன் வர்க்கம் 16, 8இன் வர்க்கம் 64, கூட்டினால் 80. அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 9. பட்டம் உணரும் வேகம் வினாடிக்கு 9 மீட்டர்! விசையை ஒப்பிட்டால் 80க்கு 16, அதாவது 5 மடங்கு.

இதனால்தான் மெல்லிய காற்றில் வீரர்கள் பட்டத்தை மேலும் கீழுமாக வீசிப் பறக்க விடுகிறார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் பட்டம் வேகத்தை இழக்கும். நூல் நீளமாக இருந்தால் இரு திருப்பங்களுக்கு இடையே ஓடும் தூரம் கூடும். 60 பாகை வீச்சில் 20 மீட்டர் நூலுக்கு அந்தத் தூரம் 21 மீட்டர். 27 மீட்டர் நூலுக்கு 28 மீட்டர். பட்டம் வேகம் பிடித்து இழுக்கக் கிடைக்கும் நேரமும் அதற்கேற்ப நீள்கிறது.

இலாபத்திற்கு ஒரு விலை

நூலும் காற்றைக் கிழித்துக்கொண்டுதான் நகர வேண்டும். அதன்மீது படும் காற்றுத் தடை, நூலின் நீளத்தையும் விட்டத்தையும் பெருக்கிக் கிடைக்கும் பரப்பைப் பொறுத்தது. 1.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள 20 மீட்டர் நூல்கள் நான்கின் பரப்பு 0.12 சதுர மீட்டர். அதே நூலை 27 மீட்டராக்கினால் 0.16 சதுர மீட்டருக்கு மேல் போய்விடும். நீளத்தால் கிடைத்த இலாபத்தில் ஒரு பகுதியைக் காற்றுத் தடை விழுங்கிவிடும்.

அதற்கு மெல்லிய நூல் தீர்வாகலாம். 1.1 மில்லிமீட்டர் நூல் என்றால், 27 மீட்டர் நீளத்திலும் பரப்பு பழையபடி 0.12 சதுர மீட்டர்தான்.

ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. காற்றுத் தடை விட்டத்திற்கு நேர்விகிதத்தில் குறைகிறது. நூலின் வலிமையோ குறுக்குவெட்டுப் பரப்பை, அதாவது விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 1.1ஐ 1.5ஆல் வகுத்து வர்க்கப்படுத்திப் பாருங்கள். விடை 0.54. தடை கால்பங்கு போலக் குறைய, வலிமை ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது!

ஆகவே நான்கு நூல்களையும் ஒரேயளவு மெலிதாக்காமல், அதிகச் சுமை தாங்கும் முன் நூல்களைத் தடிமனாகவும் பின் நூல்களை மெலிதாகவும் அமைப்பது ஒரு நல்ல வழி. நீண்ட நூலில் பட்டம் சற்றுத் தாமதமாகவே திரும்பும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

நெகிழிப்பையின் உறவினர்

இந்த நூல்கள் பாலிஎத்திலீனால் ஆனவை. ஆம், நெகிழிப்பை செய்யப் பயன்படும் பொருளின் உறவினர்தான். ஆனால் இதன் மூலக்கூற்றுச் சங்கிலிகள் மிக நீளமானவை. ஒரே திசையில் வரிசையாக அமைந்தவை. அதனால் இது அதே எடையுள்ள எஃகைவிடப் பல மடங்கு வலிமையானது. நீரைவிட அடர்த்தி குறைவு என்பதால் மிதக்கவும் செய்யும். ஆனால் சுமார் 150 பாகை செல்சியஸ் வெப்பத்திலேயே உருகிவிடும். விறைப்பான இரு நூல்கள் உரசினால் அந்த வெப்பத்திலேயே ஒன்று அறுந்துபோகலாம்.

நாளடைவில் முன் நூல்கள் சுமையால் சற்று நீளும். அப்போது பின் நூல்கள் ஒப்பளவில் குட்டையாகிவிடும். மெல்லிய காற்றில் பட்டம் பின்வாங்கிக் கடலில் விழ இதுவே போதும். அதனால் நான்கையும் ஒரு கம்பத்தில் மாட்டி இழுத்து, நீளம் சமமா என்று அவ்வப்போது பார்க்க வேண்டும்.

வானத்தையும் பாருங்கள்

சிங்கப்பூரிலும் மலேசியாவின் மேற்குக் கரையிலும் சுமத்ரா சூறைக்காற்று திடீரெனத் தாக்குவது உண்டு. அதன் வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டும். வினாடிக்கு 4 மீட்டராக இருந்த காற்று 12 மீட்டரானால் வேகம் 3 மடங்கு, விசை 9 மடங்கு. மென்காற்றுக்காகப் பெரிய பட்டத்தையும் மெல்லிய நூலையும் எடுத்துச் சென்றவருக்கு அது உயிராபத்து. அடிவானம் கறுக்கத் தொடங்கினால், எந்த நூலாக இருந்தாலும் உடனே கரையேறுவதே அறிவுடைமை.

மேக்ஸ் மேடர் போன்ற போட்டி வீரர்கள் பொதுவாக இவ்வளவு நீளமான நூலை நாடுவதில்லை. குட்டையான, மெல்லிய நூலையே விரும்புகிறார்கள். அவர்களுடைய பலகைக்கு அடியில் நீருக்குள் ஒரு சிறகு உண்டு. அது பலகையை நீருக்கு மேலே தூக்கிவிடுவதால் பலகையே பெருவேகத்தில் ஓடும். அவர்களுக்குத் தேவையான காற்றைப் பலகையின் வேகமே உண்டாக்கிவிடுகிறது. சாதாரணப் பலகையில் நிற்பவருக்கோ பட்டம்தான் ஓடிக் காற்றை உண்டாக்க வேண்டும். அதனால்தான் அவருக்கு நீளமான நூல் உதவுகிறது.

செய்து பாருங்கள்: ஒரே அளவான இரண்டு தையல் நூல்களை எடுங்கள். ஒன்றின் நடுவில் ஒரு முடிச்சு போடுங்கள். இரண்டிலும் ஒவ்வொரு பையைத் தொங்கவிட்டு, சிறிது சிறிதாக அரிசி போட்டு வாருங்கள். எது முதலில் அறுகிறது, எந்த இடத்தில் அறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கைட்போர்டிங் நூலின் நடுவில் முடிச்சு விழுந்தால் ஏன் உடனே அவிழ்க்கச் சொல்கிறார்கள் என்பது புரியும்.