ஜாஸ் மேடையில் ஒரு தமிழ்க் குரல்

வாளையாரைத் தாண்டினால் கடைப் பலகையின் எழுத்து மாறுகிறது. பிழைப்புக்கு வந்தவர்கள் பகலெல்லாம் மலையாளம் பேசிவிட்டு, இரவில் வீட்டுக்குள் நுழைந்ததும் தமிழுக்குத் திரும்புகிறார்கள். தமிழ் வீட்டுக்குள் மட்டும் இருக்க வேண்டிய மொழிதானா? இல்லை என்று பாடிக் காட்டியிருக்கிறார் கானவ்யா துரைசாமி.

நியூயார்க்கில் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்தவர் இவர். கர்நாடக சங்கீதமும் ஹரிகதையும் பயின்று, பிறகு பெர்க்லி இசைக் கல்லூரியில் படித்தார்.

ஜாஸ் என்பது என்ன?

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் கறுப்பின மக்கள் வளர்த்த இசை இது. தெரிந்த மெட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு, மேடையிலேயே கற்பனையால் விரிப்பதுதான் இதன் உயிர். கோயில் திருவிழாவில் நாதஸ்வர வித்வான் ஒரே ராகத்தை நெடுநேரம் விரிப்பதைக் கேட்டவர்களுக்கு இந்த முறை புதிதல்ல.

பெயரே தமிழ்

2018-ல் வெளிவந்தது கானவ்யாவின் முதல் ஆல்பம். ஜாஸ் உலகின் பழைய பாடல்களைத் தமிழாக்கி அதில் பாடினார். 'ஐக்கியம்: ஒண்ணு' என்று பெயர். 'ஒன்று' அல்ல, 'ஒண்ணு'! வீட்டில் பேசும் தமிழையே ஆல்பத்தின் முகப்பில் ஏற்றிவிட்டார்.

புதிய கம்பெனி

லண்டனில் பிறந்து பார்படாஸ் தீவில் வளர்ந்தவர் ஷபாகா ஹட்சிங்ஸ். சாக்ஸபோன் கலைஞராகப் பெயர் பெற்ற அவர், 'நேட்டிவ் ரெபல்' என்ற இசைத்தட்டுக் கம்பெனியைத் தொடங்கினார். அந்தக் கம்பெனிக்காகக் கானவ்யா பாடிய முதல் ஆல்பம், 'லைக் தி ஸ்கை, ஐ ஹவ் பீன் டூ குவைட்', 2024-ல் வெளிவந்தது. அதே ஆண்டு நவம்பரில் 'டாட்டர் ஆஃப் எ டெம்பிள்' என்ற ஆல்பத்தை வேறொரு கம்பெனி வெளியிட்டது. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ஒலிப்பதிவான அதில், தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த பியானோ கலைஞர் விஜய் ஐயரும் பங்கேற்றார்.

சினிமாப் பாட்டின் வேகத்துக்குப் பழகிய காதுக்கு இந்தப் பாடல்கள் முதலில் மெதுவாகத் தோன்றலாம். வேலை முடிந்து வந்து, சத்தம் அடங்கிய பிறகு கைபேசியில் கேட்டுப் பாருங்கள். பிறர் இசையைக் கற்றுக்கொள்ள இவர் தம் மொழியை விடவில்லை. அயலூரில் பிள்ளைகளை வளர்ப்பவர்களுக்கு இதைவிடத் தெம்பு தரும் சேதி வேறென்ன?