அட்டை உண்டு, ஆனாலும் வதியாதவர்

மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஜப்பான் செல்ல விண்ணப்பித்தபோது நான் விசாரித்து அறிந்ததை, அடுத்துச் செல்லவிருக்கும் நண்பர்களுக்காக எழுதுகிறேன். அங்குப் பெரிய விமான நிலையங்களில் இறங்கியதுமே வதிவிட அட்டை தருகிறார்கள். தங்குமிடம் அமைந்த 14 நாள்களுக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அட்டையின் பின்புறம் அதைக் குறித்துத் தருவார்கள்.

இத்தனைக்குப் பிறகும் வங்கி நம்மை 'வதியாதவர்' என்கிறது! குடிநுழைவுச் சட்டம் வேறு, அந்நியச் செலாவணிச் சட்டம் வேறு. பின்னதன்படி, ஜப்பானில் உள்ள அலுவலகத்தில் வேலை பார்ப்பவரும், வந்து ஆறு மாதம் ஆனவருமே வதிவோர். அதுவரை பல வங்கிகள் கணக்குத் திறப்பதில்லை. திறந்தாலும் பணம் அனுப்பக் கட்டுப்பாடு உண்டு. அதனால்தான் புதிதாக வரும் வெளிநாட்டு மாணவர்கள் பலர் 'யூச்சோ' எனும் அஞ்சல் வங்கியை நாடுகிறார்கள்.

நமக்குப் பெயரும் ஒரு தொல்லை. படிவத்தில் குடும்பப் பெயருக்குத் தனிக் கட்டம். நமக்கோ குடும்பப் பெயரே கிடையாது; கடப்பிதழில் நடுவே ஏ/எல், ஏ/பி வேறு. போதாக்குறைக்குக் கத்தக்கானா எழுத்தில் உச்சரிப்பையும் எழுத வேண்டும். நம் 'ழ'கரத்துக்கு அங்கே வழியில்லை. எப்படி எழுதினாலும் வங்கியிலும் பல்கலைக்கழகத்திலும் ஒரே மாதிரி எழுதுங்கள். ஓர் எழுத்து மாறினாலும் உபகாரச் சம்பளம் கணக்கில் சேராமல் திரும்பிவிடக்கூடும்.

நாடு திரும்புமுன் கணக்கை மூடிவிடுங்கள். சேமிப்புப் புத்தகத்தையோ பண அட்டையையோ பிறருக்கு விற்பது அங்கே குற்றம்.